மஞ்சளைத் தின்ற படம்

போடி
12.6.2025

அன்புள்ள அண்ணே,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் எழுதலாம் என்றால் பாப்பா விட்டால் மாமியார் விடுவதில்லை, மாமியார் விட்டால் என் மனசு விடுவதில்லை. ஒரு கை தொட்டில் கயிற்றில் இருக்கிறது. எழுத்து கோணினால் அதுதான் காரணம், அழுகிறேன் என்று நினைக்காதே.

நீ என் நம்பரை பிளாக் செய்து ஏழு மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரர் விஜயகுமார் போனிலிருந்து கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். விடிந்ததும் சோலைமலை அண்ணன் ஜீப்பில் கொடுத்துவிடுவேன். "எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்துற வண்டியில கடுதாசி ஏத்துறியேம்மா, இந்தக் காலத்துல!" என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். பாப்பாவுக்கு ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை காது குத்து. அவள் உட்கார வேண்டியது உன் மடி. என் மாமியார் ஆயம்மாள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பிள்ளை பொறந்து அஞ்சு மாசமாச்சு, எட்டிப் பார்க்கல. காது குத்துக்கு மட்டும் வந்துருவாகளாக்கும்? உன் சித்தப்பா மகன் லிங்கேஸ்வரனை உட்கார வச்சுக்குவோம்." ஆடி பிறப்பதற்குள் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டுமாம். தாய்மாமன் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று தினமும் கேட்கிறார்கள். நான் தினமும் பாப்பாவுக்குப் பசிக்கிறது என்று எழுந்து போய்விடுகிறேன்.

நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். போன ஐப்பசியில், நீ ரைட்டராகக் கணக்கு எழுதும் எஸ்டேட்டின் ஏலக்காயைப் படம் எடுத்துத் தரச் சொன்னாய். வடக்கே இருந்த அந்த வியாபாரி படத்தைப் பார்த்தே லோடு முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்றான். எடுத்துக் கொடுத்தேன். லோடு அங்கே போனதும் மூட்டையைப் பிரித்தவன், "போட்டோவில் ஒன்று, மூட்டையில் ஒன்று" என்று லோடைத் திருப்பி அனுப்பிவிட்டான். அன்று மாலை நீ இங்கே வந்து வாசலிலேயே நின்று, "சாயம் ஏத்தி என்னையக் களவாணி ஆக்கிட்டியே ஆத்தா" என்றாய். எனக்கு அப்போது ஏழாம் மாதம். கலரைத் தொடவே இல்லை என்று வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம் செய்தேன். நீ செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனாய்.

அண்ணே, அந்தச் சத்தியம் பொய் இல்லை. ஆனால் நீ சொன்னதும் பொய் இல்லை. இதைப் போன மாதம்தான் கண்டுபிடித்தேன்.

பொறுமையாகப் படி. என் கேமராவில் நான் எடுப்பது ரா ஃபைல். அது முடிந்த படம் இல்லை. எங்கே எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்கிற கணக்கு மட்டும்தான் அதற்குள் இருக்கும். அந்தக் கணக்கை நிறமாக மாற்ற கம்ப்யூட்டரில் உள்ள சாஃப்ட்வேருக்கு அந்தந்த கேமராவின் புரொஃபைல் வேண்டும். எப்படிச் சொல்ல... காய் உலர்த்தும் ஒவ்வொரு ஸ்டோரிலும் அடுப்பின் சூடு வேறு, இல்லையா? பக்கத்து ஸ்டோர்க்காரன் சொன்ன மணிக்கணக்கை வைத்து உன் அடுப்பில் காய் உலர்த்தினால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்தேன். என் கேமரா புதுசு. லேப்டாப்பும் அதில் இருந்த சாஃப்ட்வேரும் பழசு. அதற்கு என் கேமராவைத் தெரியவில்லை, ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. ஃபைலுக்குள் இருக்கும் கேமரா பெயரை மட்டும் வேறொரு பழைய மாடலின் பெயராக மாற்றினால் திறக்கும் என்று எங்கோ படித்தேன். மாற்றினேன், திறந்தது. அன்று ஏதோ பெரிய கெட்டிக்காரி மாதிரி இருந்தது. அது அந்தப் பழைய கேமராவின் புரொஃபைலைப் போட்டு என் படத்தை நிறமாக்கியது. அந்தப் புரொஃபைல் மஞ்சளைத் தின்றுவிடும். வெளிறின காய் கரும்பச்சையாகத் தெரியும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாப்பா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்துவிடுமோ என்று பயம். தினமும் காலையில் ஒரே ஜன்னலோரம் படுக்க வைத்துப் படம் எடுத்து, முந்தின நாள் படத்தோடு லேப்டாப்பில் வைத்துப் பார்ப்பேன். ரோஜா மாதிரி இருந்தாள். ஆறாம் நாள் நர்ஸம்மா வீட்டுக்கு வந்தவர் மூக்கு நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இம்புட்டு மஞ்சள் ஏறியிருக்கு, பார்க்கலையா?" என்றார். "தினமும் போட்டோ எடுத்துப் பார்த்தேனே" என்றேன். "பெத்த பிள்ளைய போட்டோவுலயா பார்ப்பாக? வெளிச்சத்துல தூக்கிப் பாரு தாயி!"

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். போன மாதம் விஜயகுமார் வேறு லேப்டாப் வாங்கினார். புது சாஃப்ட்வேருக்கு என் கேமராவைத் தெரியும். அதில் பாப்பாவின் அந்த ஆறு படங்களையும் திறந்தேன். ஒவ்வொரு நாளும் மஞ்சள் ஏறிக்கொண்டே போயிருந்தது. அப்போதுதான் உன் காய் ஞாபகம் வந்தது.

அசல் ஃபைலை நான் அழிக்கவில்லை. உன் காயின் படத்தைச் சரியான புரொஃபைலில் மறுபடி திறந்து, ஸ்டுடியோவில் மூன்று தடவை அச்சுப் போட வைத்து (அந்த ஆள் என்னைப் பார்த்தாலே ஷட்டரை இறக்குகிறான்) இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. பத்திரிகையில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை
காளீஸ்வரி

—

எஸ்டேட்
17.6.2025

தங்கச்சி காளீஸ்வரிக்கு,

கடிதம் கிடைச்சது. சோலைமலை அதை நாலு பேர் முன்னாடி வச்சு, "ரைட்டருக்குக் காதல் கடுதாசி" என்று சத்தம் போட்டுக் கொடுத்தார்.

நீ எழுதின புரொஃபைல், மாடல் பேரை மாத்துறது எல்லாம் எனக்குப் பாதிதான் விளங்கியது. அடுப்புக் கணக்கு விளங்கியது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கும் படத்தைக் கொடுத்து "சரியா வந்திருக்கு அண்ணே" என்றுதான் சொன்னாய். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாய். இது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?

பாப்பாவுக்குக் காமாலை வந்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை? நம்பர் இல்லாவிட்டால் ஆள் இல்லையா? ஜீப் அன்றைக்கும் ஓடத்தானே செய்தது.

மழை பிடிச்சிருச்சு. சோலி கிடக்கு. லிங்கேஸ்வரனையே உட்கார வையுங்கள். நல்ல பையன், பொறுப்பானவன்.

படத்தை நான் வைத்துக்கொண்டேன். திருப்பிக் கேட்காதே.

பாண்டியராஜன்

—

போடி
23.6.2025

அன்புள்ள அண்ணே,

மறுபடியும் இதே நேரம்தான். பாப்பாவுக்கு லேசாகச் சளி. மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டாய். இந்தத் தடவை கண்ணை நம்பவில்லை. இருபத்து நான்கு நிறக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டை இருக்கிறது. படம் எடுக்கும்போது முதல் படத்தில் அந்த அட்டையைப் பிடித்து எடுக்க வேண்டும். எந்தக் கட்டம் என்ன நிறமாக வர வேண்டும் என்று சாஃப்ட்வேருக்குத் தெரியும். வராவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும். என் கேமராவை அப்படிச் சோதித்துவிட்டுத்தான் உனக்கு அச்சுப் போட்டேன்.

அதைவிடப் பெரிய கேள்வி, அன்று எனக்கு ஏன் தெரியவில்லை என்பது. காய் என் முன்னால் முறத்தில் கிடந்தது. திரையில் அது கரும்பச்சையாக வந்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை, அண்ணே. சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் அது அம்மா கையில் இருந்த பச்சை. அம்மா காய் பொறுக்கப் போய்விட்டு வரும்போது நகக்கண்ணில் ஏலக்காய் வாசம் வருமே, அந்த வாசத்துக்கு என்ன நிறமோ அந்த நிறம். ஏலக்காய் என்றால் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன். முறத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் காலேஜ் சேர்ந்த வருஷம் நீ மதுரையிலிருந்து அந்தப் பழைய கேமராவை வாங்கி, மழையில் நனையாமல் சாக்குக்குள் சுற்றிக்கொண்டு வந்தது? முதல் படமே அம்மாதான். காய் பொறுக்கும் இடத்துக்கே போய்விட்டோம். வெள்ளை நிறம் சரியாக வர வேண்டும் என்று என் வாத்தியார் சொல்லியிருந்ததால், நீ வீட்டிலிருந்து அம்மாவின் வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்து வந்து அம்மா முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாய். அம்மா என்ன சொன்னது? "ஏண்டி, காயைப் பிடிக்கிறியா, என்னையப் பிடிக்கிறியா? காயின்னா மேஸ்திரிகிட்டக் கேளு. என்னையின்னா எனக்குக் கூலி கொடு." நீ சிரித்ததில் தட்டு ஆடியது. நான் உன்னைத் திட்டினேன். பக்கத்தில் இருந்த பொம்பளைகள் எல்லாம், "வேலுத்தாயி மக சினிமா எடுக்குறாடி" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள்.

அந்த ஃபைல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பதினோரு வருஷம் ஆகிறது, திறந்ததே இல்லை. அம்மா போன பிறகு தைரியம் வரவில்லை. முந்தாநாள் திறந்தேன். அந்தக் கேமராவை எல்லாச் சாஃப்ட்வேருக்கும் தெரியும், சரியான புரொஃபைலில் திறந்தது.

அண்ணே, அம்மா கையில் இருந்த காயும் வெளிறித்தான் இருக்கிறது. நான் நம்பவில்லை. தட்டைப் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறது. அம்மாவின் அந்தக் கத்தரிப்பூச் சேலை என்று சொல்வோமே, அது கத்தரிப்பூவே இல்லை. துவைத்துத் துவைத்து நரைத்துப்போன நீலம். அம்மாவின் கன்னத்தில் அப்போதே ஒரு வெளுப்பு இருக்கிறது. நாம் அதற்குப் பிறகு மூன்று வருஷம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

விடிகிற வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. நாமாக ஏற்றி வைத்திருந்த நிறமெல்லாம் போன பிறகு, அது உண்மையிலேயே அங்கே உட்கார்ந்திருந்தது.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில் உன் கை மட்டும் விழுந்திருக்கிறது, தட்டோடு. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. ஒரு அச்சு அனுப்புகிறேன். இதையும் திருப்பிக் கேட்க மாட்டேன்.

காமாலையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ செருப்பைக் கழற்றாமல் போன வாசலைத் தாண்டி எப்படிச் சொல்லியனுப்ப? ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

லிங்கேஸ்வரன் நல்ல பையன்தான். அவன் மடியும் நல்ல மடிதான். அது உன் மடி இல்லை, அவ்வளவுதான்.

காளீஸ்வரி

—

எஸ்டேட்
6.7.2025

அன்புள்ள காளீஸ்வரி,

அம்மா படத்தை ஸ்டோர் ஜன்னலில் வைத்திருக்கிறேன். நாள் பூரா என்னையே பார்க்கிறது. பத்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நீ முதலில் அனுப்பினாயே, காயின் படம், அது சரியான படம்தான். அட்டை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. அன்றைக்கே தெரியும்.

அன்றைக்கு நீ அனுப்பின பச்சைப் படத்தை நான் போடிமெட்டு டீக்கடை வாசலில் நின்று பார்த்தேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். சட்டைப் பையில் சாம்பிள் காய் இருந்தது. உள்ளங்கையில் கொட்டி, போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு வருசமாகக் காய் பார்க்கிறவன். வேறு வேறு என்று தெரியாமலா போகும்? கையில் இருந்ததை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன். படத்தை வியாபாரிக்கு அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல. அந்தக் கோடையில் செடி காய்ந்து பாதி செத்துப்போனது உனக்குத் தெரியும். மிஞ்சினதில் வந்த காய் அப்படித்தான் வந்தது. உன் படத்தைப் பார்த்ததும் இதுதான் நம்ம காய், கையில் இருக்கிறதுதான் ஏதோ தப்பு என்று நினைக்கத் தோன்றியது. நினைத்துக்கொண்டேன். லோடு திரும்பி வந்த அன்றைக்கு ஸ்டோரில் பத்துப் பேர் முன்னாடி மேனேஜர் கேட்டார். வாயில் முதலில் வந்தது உன் பேரு. சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டேன். உன் வாசலில் வந்து கத்தினேனே, அது நானே நம்ப வேண்டும் என்றுதான்.

நம்பரை பிளாக் பண்ணினது கோவத்தில் இல்லை. நீ கூப்பிட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

நேற்று ஸ்டோரில் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். தங்கச்சி மேல் தப்பு இல்லை, நான் தெரிந்தேதான் அனுப்பினேன் என்று. காய் பொறுக்கிற மகாராணி அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் ரைட்டரே. நாங்க பார்த்துப் பார்த்துப் பொறுக்கின காயி. நீங்க பார்க்காமலா அனுப்புனீக? பாவம், வயித்துப் பிள்ளைக்காரி தலையில போட்டுட்டீகளேன்னு அன்னைக்குப் பூரா பேசிக்கிட்டோம்" என்றார். மலையாளத்தான் ஒருத்தன், "போட்டே சாரே", போகட்டும் விடுங்க என்கிற மாதிரி, முதுகில் தட்டினான். அது இன்னும் கேவலமாக இருந்தது.

இப்படிப்பட்டவன் மடியில் பிள்ளையை உட்கார வைக்காதே. உன் மாமியார் முன்னாடி எந்த முகத்தோடு வந்து நிற்பேன்? பாப்பாவுக்குத் தோடு எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவின் தோட்டை அழித்துச் செய்தது. சோலைமலையிடம் கொடுத்துவிடுகிறேன். அதைப் போட்டுக் காது குத்துங்கள், போதும்.

உன் அண்ணன்
பாண்டியராஜன்

—

போடி
9.7.2025

அண்ணே,

இன்றைக்கும் நேரமாகிவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உனக்காகத்தான் முழித்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட வேண்டும் போல் இருந்தது. ஏழு மாதம். என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன். பாப்பாவை இப்போதும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மூக்கை அழுத்திப் பார்க்கிறேன். "பிள்ளை மூக்கு சப்பையாப் போயிரும்டி" என்று மாமியார் திட்டுகிறார்கள். உன்னால் மட்டும் இல்லை என்றாலும் உன்னாலும்தான். அதை எழுதாமல் விட்டால் நானும் மஞ்சளைத் தின்றவளாகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

கோபம் இரண்டு நாள் இருந்தது. இன்று சாயங்காலம் மாமியாரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல். நீ திட்டுவாய் என்று தெரியும். அவர்கள் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் பாப்பாவின் சட்டையை இழுத்துவிட்டார்கள். அப்புறம், "தன் தப்பை இப்படி எழுதிக் கொடுக்கிற ஆம்பளை யாரு இருக்கா?" என்றார்கள். அடுத்த நிமிஷமே, "வர்றவன் வெறுங்கையோட வந்துறப் போறான், சீர்த்தட்டு எத்தனைன்னு கேட்டு எழுது" என்றார்கள். அவர்களை உனக்குத் தெரியாதா. நீ தட்டு எதுவும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

தோட்டைச் சோலைமலை அண்ணன் கொண்டுவந்தார். அதை அப்படியே காகிதத்தில் சுற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வரும். "என்னம்மா, மலைக்கும் ஊருக்கும் நகையை ஏத்தி இறக்குறீக" என்று அலுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளாதே. தாய்மாமன் தோடு ஜீப்பில் வரக் கூடாது. தாய்மாமன் கையில் வர வேண்டும்.

காது குத்துக்குப் படம் நான்தான் எடுக்கப்போகிறேன். வேறு ஆள் வைத்தால் பாப்பாவைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக்கிக் கொடுப்பான். அவள் நம் அம்மா நிறம், அண்ணே. அப்படியே வர வேண்டும். அதற்கு முதல் படத்தில் அந்த நிற அட்டையை யாராவது அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாக வேண்டும். விஜயகுமாருக்குக் கை நடுங்கும். லிங்கேஸ்வரன் அட்டையைத் தலைகீழாகப் பிடிப்பான். அன்றைக்கு அம்மா பக்கத்தில் தட்டைப் பிடித்த கை ஒன்று படத்தின் ஓரத்தில் இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டும். இந்தத் தடவை ஓரத்தில் இல்லை. நடுவில் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு, நீயே அட்டையைப் பிடி. முகம் எப்படி இருந்தாலும் சரி. எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வரும்.

பத்திரிகை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தாய்மாமன் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அதற்குள் வெரசா பதில் எழுது.

காளீஸ்வரி